உன் பேச்சுப் பக்கத்தில் நான் ஒட்டிய அறிவிப்பு

மாப்ள,

இன்று காலை கப்பலூரைத் தாண்டும்போது ரப்பர் வேகும் வாடை அடித்தது. நீ வேலை பார்த்த கம்பெனி இருக்கும் தெருவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். உன் சட்டை, பை, டிபன் பாக்ஸ் மூடி என்று எல்லாவற்றிலும் ஒட்டியிருந்த வாடை அது. வண்டியை ஓரங்கட்டி ஹெல்மெட்டைக் கழற்றினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு சின்ன வேலையை முடித்து வாங்க உன் பின்னால் அலைந்தேன். செத்த பிறகும் அலைய வைத்துவிட்டாய். நேரில் உட்காரவைத்துத் திட்ட வழியில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் என்னதான் செய்தோம் என்று வெளியாள் ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம், திருத்தலாம் என்று ஒரு பெரிய விக்கி. எத்தனையோ மொழிகளில் ஓடுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் நிரலும் திறந்தே கிடக்கிறது, தெரிந்தவர்கள் அதையும் திருத்தலாம். திருத்துகிறவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் தூங்குவார். ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் மூன்று நாள் கழித்து வேறு எதையோ பதிலாகச் சொல்வார். அவர்களையெல்லாம் கேட்டு, ஞாபகப்படுத்தி, கெஞ்சி, வேலையை நகர்த்துவது என் பங்கு. நிரல் (உன் வாயில் "கோடு") எழுதுவது உன் பங்கு. என் பயனர் பக்கத்தில் "தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர்" என்று போட்டிருப்பேன். நீ அதை ஒரு நாளும் மதித்ததில்லை.

"நீ எழுதவும் மாட்ட, எழுதுறவன நிம்மதியா இருக்கவும் விடமாட்ட. ஒனக்குப் போஸ்ட்மேன்தான்டா சரியான பேரு" என்பாய்.

பசுமலையில் ஒரு கல்லூரிக் கூடத்தில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று எடுத்தேனே, அங்கேதான் உன்னை முதலில் பார்த்தேன். விக்கியில் எப்படி எழுதுவது என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "அண்ணே, சேமிக்கிற நேரத்துல நெட்டு போயிட்டா எழுதுனது என்ன ஆகும்?" என்று கேட்டாய். போய்விடும் என்றேன். "போயிருமா? அதை இம்புட்டு அசால்ட்டா சொல்றீங்க?" என்றாய். கூடம் சிரித்தது. எனக்குக் கடுப்பு. வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போதுதான் இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்தது. இரண்டாவது டீயில் அண்ணே போய் மாப்ள ஆகிவிட்டேன்.

அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாய் என்பது பிறகு தெரிந்தது. செக்கானூரணிக்கு அங்கிட்டு ஒரு கிராமத்தில் செவிலியர். பிரசவம், குழந்தைக்குப் பால் கொடுப்பது, ரத்தசோகை என்று தமிழில் நல்ல பக்கங்களாக எழுத வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை. துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து போனில் தட்டித் தட்டி ஒரு பக்கம் எழுதுவார். சேமி என்று அழுத்தும்போது சிக்னல் போகும், பக்கமும் போகும். மூன்று தடவை ஒரே பக்கத்தை எழுதியிருந்தார். நான்காவது தடவை எழுதுவதற்குள் நீ "பத்திரம்" செய்துவிட்டாய். சிக்னல் இல்லாவிட்டால் எழுதியதை அந்தப் போனிலேயே பிடித்து வைத்திருந்து, சிக்னல் வந்ததும் தானாக அனுப்பிவிடும் சின்னக் கருவி. முதலில் நம் தமிழ் விக்கியில் மட்டும் ஓடியது. பிறகு மலை நாடுகள், தீவு நாடுகள், கரண்ட் நிற்காத ஊர் என்று ஒன்றுமில்லாத நாடுகள் எல்லாம் எடுத்துக்கொண்டன. பெயர் வாயில் நுழையாமல் "பட்ரம்" என்று எழுதினார்கள். நீ திருத்தவில்லை. "என்னத்தையோ சொல்லிட்டுப் போறாய்ங்க, ஓடுதுல்ல?" என்றாய்.

ஓடியது, சரி. எப்படி ஓடுகிறது என்று ஒரு வரி எழுதி வைத்தாயா? நிரலைத் திறந்தால் குழம்பு1, குழம்பு2, ரசம் என்று பெயர் வைத்திருக்கிறாய். வெளிநாட்டிலிருந்து ஒருவர் குழம்பு என்றால் என்ன தொழில்நுட்பச் சொல் என்று என்னிடம் கேட்டார், ஞாபகமிருக்கிறதா? நான் விளக்கம் எழுதச் சொல்லி நச்சரித்தேன். கருவியை உன் சொந்தப் பயனர் இடத்தில் வைத்திருக்காதே, பொது இடத்துக்கு மாற்று என்று எத்தனை தடவை சொன்னேன்? உன் இடத்தில் இருக்கும் வரை உன்னைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள், எல்லா ஊர் விக்கியும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, உனக்கு ஒன்று ஆனால் எல்லாம் நிற்கும் என்று சொன்னேன். முகம் தெரியாத யாராவது கேள்வி கேட்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பதில் எழுதுவாய். ஒழுங்குபடுத்தச் சொன்னால் மட்டும் "நாளைக்கு மாத்துவோம்டா". எனக்கு ஒன்றும் ஆகாது என்று உனக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அந்தப் பொத்தான் சண்டையும் அப்படித்தான். பிடித்து வைத்த எழுத்தை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி வேண்டும், யாராவது கோபத்தில் எழுதிவிட்டு மனசு மாறினால் என்ன செய்வார்கள் என்று நான் தளத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஒரு டிக்கெட் போட்டேன். "சேமின்னு அமுக்குனா சேமிக்கணும். இவன் மனசு மாறுறதுக்கெல்லாம் நான் கோடு எழுத முடியுமா?" என்று சொல்லி, "செய்யப்போவதில்லை" என்று மூடிவிட்டாய். ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு நீயாகவே வந்து பழங்காநத்தம் ரவுண்டானா பக்கத்தில் பரோட்டா வாங்கித் தந்தாய். பொத்தானைப் பற்றி இருவருமே பேசவில்லை.

உன் பெயரைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். விக்கியில் நீ சீமைக்கருவேலம். "எவன் வெட்டுனாலும் மொளைக்கும்ல?" என்று காரணம் சொன்னாய். நான் வேடிக்கை என்று நினைத்தேன். ஒரு தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா உன்னிடம் எந்த ஊர் தம்பி என்று கேட்டாள். திருமங்கலத்துக்குத் தெற்கே உன் ஊர்ப் பெயரைச் சொன்னாய். "ஊருக்குள்ளயா, ஊருக்கு அங்கிட்டா?" என்று அடுத்த கேள்வி. நீ சிரித்துக்கொண்டே, "நான் விக்கில இருக்கேம்மா. அங்க அங்கிட்டு இங்கிட்டுன்னு கெடையாது" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த தடவை நீ வந்தபோது உனக்கு மட்டும் காபி பேப்பர் கப்பில் வந்தது. எங்கள் வீட்டில் பேப்பர் கப் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. நீ காபியைக் குடித்து முடித்து, கப்பைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாய். பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

அதற்கு அப்புறம் ஒரு நாள்தான், உன் கம்பெனி வாசலில் நின்றுகொண்டு கேட்டாய். "என் பேரு அந்தத் தளத்துல எங்கயும் வரக் கூடாது மாப்ள. பேரு வந்தா ஊரு வரும். ஊரு வந்தா தெரு வரும். அங்க மட்டுந்தான்டா நான் எழுதுன கோடு நல்லாருக்கா இல்லையான்னு பாக்குறாய்ங்க. நான் இருந்தாலும் இல்லாட்டியும் இது மாறக் கூடாது." சரி என்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! நாற்பது தொடாத ஆளுக்கு மாரடைப்பு வரும் என்று யார் கண்டது?

ஐப்பசி மழையில் உன்னை எடுத்தோம். உன் தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். உன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர், படம் எல்லாம் பெரிதாக இருந்தன. நீ மறைத்து வைத்திருந்தது எல்லாம் மழையில் நனைந்தபடி நின்றது.

தை பிறந்ததும் தளத்தில் அறிவிப்பு வந்தது. பக்கத்தைத் திருத்தும் பழைய முறையை மூன்று வாரத்தில் அடியோடு எடுக்கப்போகிறார்கள், அதை நம்பி ஓடும் கருவிகளை அவற்றின் பராமரிப்பாளர்கள் மாற்றி அமைக்கவும். நம் பத்திரமும் அந்தப் பட்டியலில் இருந்தது. என்ன மாற்ற வேண்டும் என்று பார்த்தேன். மூன்று வரி. எனக்கே எழுதத் தெரிந்த மூன்று வரி, மாப்ள! எழுதினேன், இன்னொருவர் சோதித்துச் சரி என்றார். ஆனால் போட முடியாது. கருவி உன் இடத்தில் இருக்கிறது, நீ அனுமதி தர வேண்டும். நகலெடுத்து வேறு இடத்தில் வைக்க யாரும் தடுக்கவில்லை. ஆனால் அப்புறம் ஒவ்வொரு மொழி விக்கியிலும் போய்ப் பழைய முகவரியை மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த தை வந்துவிடும்.

பராமரிப்பு மாற்றத்தைப் பார்க்கும் குழுவுக்கு எழுதினேன். அவர் இறந்துவிட்டார், கருவியை என் பொறுப்பில் தாருங்கள். அந்தக் குழுவை நடத்தும் அம்மாள் எங்கேயோ பனி விழும் ஊரில் இருப்பவர். நல்லவர்தான், அதுதான் இன்னும் எரிச்சல். "உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறோம். இறந்த பங்களிப்பாளர் என்ற வழியில் இரண்டே நாளில் மாற்றித் தரலாம். அதற்குச் செய்தித்தாள் அறிவிப்போ சான்றிதழோ குழுவின் பக்கத்தில் இணைக்கப்பட வேண்டும். அவரது பெயர் எங்கள் நினைவுப் பட்டியலில் இடம்பெறும்." தனியாக அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். இங்கே எல்லாம் வெளிப்படையாக நடக்க வேண்டும், ரகசியமாக ஒரு தாளைப் பார்த்து முடிவெடுக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லையாம். வாய் வார்த்தையையும் நம்ப மாட்டார்களாம். ஒருமுறை யாரோ இரண்டு பேர் சண்டையில், உயிரோடு இருந்த ஒருவரைச் செத்துவிட்டார் என்று எழுதி அவர் கருவியைப் பிடுங்கிக்கொண்டார்களாம்.

சான்று இல்லாவிட்டால் வழக்கமான வழி. பராமரிப்பாளரின் பேச்சுப் பக்கத்தில், மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் பக்கத்தில், அறிவிப்பு ஒட்ட வேண்டும். பதினான்கு நாள் அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த விதியை யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். நீயும் நானும் எழுதியது. அப்போதெல்லாம் யாரும் எதிலும் கை வைக்கலாம் என்று இருந்தது; பத்திரத்தை எவனோ கேட்காமல் திருத்திக் கெடுத்தபோது, பசுமலை டீக்கடையில் என் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினோம். நான் ஏழு நாள் போதும் என்றேன். நீ கேட்கவில்லை. "கரண்ட் இல்லாதவன் இருப்பான், பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரில கெடக்குறவன் இருப்பான். பதினாலு குடுடா. என்னத்த கொறஞ்சு போகப் போற?" உலகமே அதை ஏற்றுக்கொண்டது. இப்போது அந்த அம்மாள் அதையே எனக்கு இணைப்பாக அனுப்புகிறார். கீழே என் கையொப்பமும் உன் கையொப்பமும் இருக்கின்றன.

அன்றைக்கே அறிவிப்பை ஒட்டியிருந்தால் மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். நான் ஒட்டவில்லை. செத்தவனிடம் பதில் கேட்டுக் காத்திருப்பதா என்று வீம்பு. பதினோரு நாள் குழுவோடு மல்லுக்கு நின்றேன். நீளமாக எழுதுவேன், வருந்துகிறோம் என்று பதில் வரும். விதிவிலக்கு கேட்பேன், வருந்துகிறோம். நடுவில் அந்தச் செவிலியர் போன் செய்தார்.

"அண்ணே, பத்திரம் நிக்கப் போகுதுன்னு போட்ருக்கே, நெசமா?"

"பாத்துக்கிட்டிருக்கேம்மா. அவன் இல்லாததால பேப்பர் கேக்குறாங்க. பேரைப் போட்டுக் குடுக்கணுமாம்."

"குடுங்க. அதுல என்ன? அந்தண்ணேக்கு நல்ல பேருதானே வரும்? எம்புட்டுப் பேருக்குச் செஞ்சிருக்காரு."

உன் காரணத்தை அவரிடம் சொன்னால் அதுவே பாதியைச் சொன்ன மாதிரி. பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. செத்தவனுக்கு இனி யார் பேப்பர் கப் நீட்டப் போகிறார்கள்? இத்தனை பேர் எழுதுவது போய்விடும் என்றால் ஒரு பெயர் பெரிதா?

பதினோராம் நாள் அலுவலக வேலையாக உசிலம்பட்டிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நாகமலையைத் தாண்டும்போது போனில் குழுவின் பதில் வந்தது. மறுபடியும் வருத்தம். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, குலுக்கலில் இரண்டு கட்டை விரலாலும் தட்டினேன். இதோ அவன் பெயர், இதோ அவன் அப்பா பெயர், இதோ அவன் ஊர், பேனரின் படம் வேண்டுமா, அதையும் தருகிறேன், இப்போது திருப்தியா என்று எழுதினேன். சேமி என்று ஓங்கி அழுத்தினேன். செக்கானூரணி தாண்டி வயல் நடுவே சிக்னல் இல்லை. "பத்திரம்: சிக்னல் வந்ததும் அனுப்பப்படும்" என்று திரையில் வந்தது.

அப்போதுதான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். உன் பெயர் அந்த எழுத்துகளில் எனக்கே அந்நியமாக இருந்தது. இருபது பேருக்கு வகுப்பு எடுத்தவன் நான், விக்கியில் அழிப்பது என்று ஒன்று கிடையாது, அழித்தாலும் பக்கத்தின் வரலாற்றில் நிற்கும், எவரும் தோண்டி எடுக்கலாம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னவன். அந்தத் தப்பை நானே செய்துவிட்டேன். அவசரமாகப் போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றினேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்ன தம்பி, வேர்த்துக் கொட்டுது?" என்று கேட்டார். நிறுத்த வழியில்லை என்பதுதான் என் பயம். அந்தப் பொத்தானை நீ வைக்க மாட்டேன் என்று சொன்னவன் ஆயிற்றே. சிக்னல் வந்தால் போய்விடும்.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். போனையே உடைத்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்துகொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி நின்றது.

"இதை எழுதிக் கொஞ்ச நேரமாச்சு. இன்னும் அனுப்பணுமா?"

கீழே இரண்டு பொத்தான். ஆமா. வேணாம்.

தளத்தில் மற்ற இடமெல்லாம் நல்ல தமிழ். இது மட்டும் உன் வாய். நீ எதிரே நின்று கேட்ட மாதிரியே இருந்தது. வேணாம் என்று அழுத்தினேன். எழுத்து போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அத்தனை பேர் நடுவில் அழுதேன். நீ செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

பிறகு அலுவலகத்தில் உன் நிரலின் வரலாற்றைப் பார்த்தேன். நாம் சண்டை போட்ட ஐந்தாம் நாள் அதைச் சேர்த்திருக்கிறாய். மாற்றக் குறிப்பில் இரண்டே சொல்: "போஸ்ட்மேன் நச்சரிப்பு". டிக்கெட் இன்றைக்கும் "செய்யப்போவதில்லை" என்றுதான் மூடிக் கிடக்கிறது. செய்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்டா? நான் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஊரை ஒருங்கிணைத்தவன், ஒரு நாளும் போனில் உன் கருவியைப் பயன்படுத்திப் பார்க்கவில்லை. அது என் தப்பு. பரோட்டா வாங்கித் தந்த அன்றாவது வாயைத் திறந்திருக்கலாம் நீ.

அன்று சாயங்காலம் உன் பேச்சுப் பக்கத்தில் அறிவிப்பை ஒட்டினேன். விதிப்படி அச்சு வாசகம்தான். "தங்கள் கருவியைப் பராமரிக்க ஒருவர் விருப்பம் தெரிவித்துள்ளார். பதினான்கு நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டுகிறோம்." கீழே என் கையொப்பம். தினமும் போய்ப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், ஆனாலும் பார்த்தேன். ஏழாம் நாள் தளம் தானாகவே ஒரு நினைவூட்டலைச் சேர்த்தது. இன்னும் பதில் வரவில்லை என்று உன்னைக் குறை சொன்னது.

பத்தாம் நாள் பழைய முறையை எடுத்தார்கள். பத்திரம் நின்றது. ஐந்து நாள். எந்தெந்த ஊரிலோ யார் யாரோ எழுதியது போயிருக்கும், அதற்குக் கணக்கு என்னிடம் இல்லை. என் பேச்சுப் பக்கத்தில் வந்து திட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் என்று எதற்கு இருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் செவிலியர் கூப்பிட்டார். காலையிலிருந்து உட்கார்ந்து எழுதிய பக்கம் போய்விட்டதாம்.

"அந்தண்ணே இருந்தா இப்பிடி விட்ருப்பாராண்ணே?"

"விட்ருக்க மாட்டான்மா" என்றேன். அவர் வைத்துவிட்டார். முதல் நாளே ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் பிழைத்திருக்கும். என் வீம்புக்கு அவர் பக்கம் போனது.

பதினைந்தாம் நாள் படிவம் திறந்தது. மாற்றத்துக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக விலகினார். இறந்தார், சான்று இணைக்கவும். பதிலளிக்கவில்லை. இந்த மூன்றுதான். வெகுநேரம் மவுஸின் அம்பு நடுவிலேயே நின்றது. பிறகு மூன்றாவதை அழுத்தினேன். மூன்று வரியைப் போட்டேன், பத்திரம் ஓட ஆரம்பித்தது. உன் கருவியின் பக்கத்தில் இனி எப்போதும் இருக்கும் வரி இதுதான்: முந்தைய பராமரிப்பாளர் சீமைக்கருவேலம், பதிலளிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துப் பதில் எழுதியவனுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். காட்டு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்களாம், முழங்கால் முடியவில்லை. டம்ளரில் டீ கொடுத்தார்கள். நான் குடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்டார்கள்.

"ஏதோ கம்ப்யூட்டர்ல ஊரு ஒலகமெல்லாம் பாக்குற மாதிரி செஞ்சிருக்கான்னு காரியத்தன்னைக்குச் சொன்னியேய்யா. அதுல எம்மகன் பேரு இருக்கா?"

போனை எடுத்துக் காட்டினேன். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். சீ, மை, கரு, வே, லம்.

"முள்ளு மரத்துப் பேரயா வச்சிக்கிட்டான்?"

"அவனுக்குப் பிடிச்ச பேரும்மா. சொந்தப் பேரு வேணாம்னுட்டான்."

"ஏன்?"

அவர்கள் போனை என்னிடம் திருப்பித் தந்தார்கள்.

"நான் வச்ச பேருய்யா அது. அதுக்கு என்ன கொறச்சல்?"

நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு எங்கள் வீட்டுக் கூடம்தான் கண் முன்னால் வந்தது, நீ கப்பைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டது வந்தது. டீயைக் குடித்து முடித்தேன். வாரேம்மா என்று சொல்லிக் கிளம்பினேன்.

நீ கேட்டபடி உன் பெயரை எங்கும் எழுதவில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. அது என்னிடமே இருக்கிறது. உன் அம்மா கேட்ட கேள்வியும் அதோடு சேர்ந்து இருக்கிறது. அதற்கு நான் இன்னும் பதிலளிக்கவில்லை.